ஆம்ப் இல்லாமல் கார் கதவு ஸ்பீக்கரை மாற்றுவது எப்படி: சேலத்து வெயிலுக்கும் ஏற்காட்டு மழைக்கும் தாங்குகிற முழு வழிகாட்டி

என் ஹேட்ச்பேக்கில் கம்பெனி ஸ்பீக்கரை முதன்முதலாக மாற்றியபோது சத்தம் கூடவில்லை, குறைந்துவிட்டது. ஆக்சஸரீஸ் கடைக்காரர் பெட்டியைக் காட்டி, "முந்நூறு வாட்டுங்க தம்பி, கதவே அதிரும்" என்றார். கதவு அதிர்ந்தது உண்மைதான், பாட்டுதான் கேட்கவில்லை. முன்பு 15-ல் வைத்துக் கேட்டதற்கு 22 வரை ஏற்ற வேண்டியிருந்தது. ஏற்றினால் குரல் கரகரத்தது. இரண்டு வாரம் கழித்து ஏற்காட்டில் ஒரு ராத்திரி முழுக்க வண்டி மழையில் நின்றது. காலையில் ஏறிக் கால் வைத்தால் மேட் சொதசொதவென்று இருந்தது. கதவுக்குள் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழித்துவிட்டு அப்படியே மூடியிருக்கிறார்கள்.

அப்புறம் எல்லாவற்றையும் கழற்றி, முதலிலிருந்து நானே செய்தேன். அதற்குப் பிறகு மச்சான் வண்டி, பக்கத்து வீட்டு வண்டி என்று ஐந்தாறு கைகூடிவிட்டது. எல்லாமே கம்பெனி செட்டிலேயே, ஆம்ப் (ஸ்பீக்கருக்குக் கூடுதல் பவர் கொடுக்கிற தனிப் பெட்டி) இல்லாமல், ஒரு வயரைக்கூட வெட்டாமல் செய்தவை. காசில் பாதியை ஸ்பீக்கருக்கு வையுங்கள், பாதியைக் கதவுக்கு வையுங்கள். வீட்டு ஸ்பீக்கருக்கு மரப்பெட்டி இருக்கிறது. காரில் அந்தப் பெட்டி கதவுதான், அதுவும் ஓட்டை உடைசலான தகரப் பெட்டி.

வாட் கணக்கு

கார் செட்டின் மேல் "50 வாட் × 4" என்று போட்டிருப்பார்கள். வண்டி ஓடும்போது பேட்டரி முனையில் சுமார் 14.4 வோல்ட் இருக்கும். ஸ்பீக்கர் 4 ஓம். 14.4-ஐ 14.4-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்தால் 51.84 வருகிறது. 50 வாட் வந்த வழி இதுதான். ஆனால் அது அலையின் தலையையும் காலையும் வெட்டிச் சதுரமாக்கினால் கிடைக்கிற கணக்கு. பாட்டு ஒழுங்காகக் கேட்கிற அளவில் அதில் பாதிதான் மிஞ்சும். செட்டுக்குள் பவர் கொடுக்கிற சிப்பிலேயே கொஞ்சம் இழப்பு உண்டு. கடைசியில் ஒரு சேனலுக்கு 15 முதல் 20 வாட் கைக்கு வந்தால் பெரிது.

ஆகவே பெட்டியில் எழுதிய 300 வாட் நமக்கு உதவாது. அது அந்த ஸ்பீக்கர் எவ்வளவு அடி தாங்கும் என்பது. அடிக்கிற கையில் இருப்பது 20 வாட்தானே? நாம் பார்க்க வேண்டியது சென்சிடிவிட்டி. 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டிசிபல் சத்தம் வருகிறது என்கிற எண் அது. 3 டிசிபல் கூடினால் இரண்டு மடங்கு பவர் கொடுத்ததற்குச் சமம். 87 டிசிபல் ஸ்பீக்கரை விட்டு 91 டிசிபல் ஸ்பீக்கரை எடுத்தால் உங்கள் 20 வாட் செட், 50 வாட் செட் மாதிரி நடந்துகொள்ளும். எனக்கு முதல் தடவை நடந்தது இதற்கு நேர் எதிர். கம்பெனி ஸ்பீக்கரின் காகிதக் கோன் (முன்னும் பின்னும் அசைந்து சத்தம் எழுப்புகிற பகுதி) லேசானது, கொஞ்சம் பவரிலேயே துள்ளும். கடைக்காரர் கொடுத்தது கனத்த கோன், நல்ல ஆம்ப் கேட்கிற சாமான். மாட்டு வண்டியில் லாரி டயரை மாட்டின கதை.

இந்த எண்ணிலும் ஒரு தந்திரம் உண்டு. சிலர் 1 வாட்டுக்குப் பதில் 2.83 வோல்ட் என்று போட்டு அளந்திருப்பார்கள். 4 ஓம் ஸ்பீக்கரில் 2.83 வோல்ட் என்றால் 2 வாட். அப்படி 93 என்று போட்டிருந்தால் 90 என்று எடுத்துக்கொள்ளுங்கள். நம் வேலைக்கு 1 வாட் கணக்கில் 90-க்குக் கீழே போகாதீர்கள்.

அடுத்தது ஓம். கம்பெனி ஸ்பீக்கர் 4 ஓம் என்றால் 4 ஓம்தான் வாங்க வேண்டும். 2 ஓம், 3 ஓம் ஸ்பீக்கர்கள் அதே செட்டில் சத்தமாகப் பாடும், கடையில் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் சிப் இழுக்கிற கரன்ட் கூடும், சூடாகும். சித்திரை மாசம் மத்தியானம் சேலம் ஐந்து ரோட்டில் நிறுத்திய வண்டியின் டேஷ்போர்டு ஏற்கெனவே அடுப்பு மாதிரி இருக்கும். செட்டின் கையேட்டில் 2 ஓம் தாங்கும் என்று எழுதியிருந்தால் ஒழிய வேண்டாம். கழற்றிய கம்பெனி ஸ்பீக்கரை மல்டிமீட்டரில் வைத்துப் பாருங்கள், 4 ஓம் ஸ்பீக்கர் 3.2 முதல் 3.6 வரை காட்டும். 2-க்குப் பக்கம் காட்டினால் உங்கள் வண்டியில் கம்பெனியே ஆம்ப் வைத்திருக்க வாய்ப்பு உண்டு. அந்த வண்டிக்கு இந்த வழி பொருந்தாது.

எதை வாங்குவது

முன் கதவு இரண்டை மட்டும் மாற்றுங்கள். பின் கதவு ஸ்பீக்கர் பின்னால் உட்காருகிறவர்களுக்கு. நாலுக்கும் சேர்த்து மலிவாக வாங்குவதைவிட முன்னால் இரண்டுக்கு நல்லதாக வாங்கலாம்.

சைஸைக் கடைக்காரர் சொல்வதை நம்பாமல் அளந்து பாருங்கள். நம் ஊரில் ஓடுகிற பல கார்களில் முன் கதவில் 6.5 அங்குலம் இருக்கும், ஆனால் எல்லாவற்றிலும் இல்லை. விட்டத்தைவிட ஆழம்தான் காலை வாரும். கண்ணாடியை முழுவதும் கீழே இறக்கிவிட்டு, ஸ்பீக்கர் உட்காருகிற தளத்திலிருந்து கண்ணாடி வரை அளந்துகொள்ளுங்கள். பெட்டியில் போட்டிருக்கிற மவுண்டிங் டெப்த் அதைவிட 5 மில்லிமீட்டராவது குறைவாக இருக்க வேண்டும்.

முன்பக்கமும் இடம் வேண்டும். கோஆக்சியல் என்றால் கோனும் ட்வீட்டரும் (கீச்சு ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) ஒன்றாகவே வருகிற ஸ்பீக்கர். அதில் நடுவில் ட்வீட்டர் துருத்திக்கொண்டு நிற்கும், டோர் பேடின் (கதவின் உள்பக்க மூடி) கிரில்லில் இடிக்கலாம். இதைக் கண்டுபிடிக்க ஒரு சமையலறை வழி இருக்கிறது. சப்பாத்தி மாவில் எலுமிச்சை அளவு உருட்டி, பாலிதீன் காகிதத்தில் சுற்றி, பழைய ஸ்பீக்கரின் நடு மேட்டில் ஒட்டிவிட்டு, டோர் பேடை அழுத்தி வைத்து எடுங்கள். மாவு எவ்வளவு தடிமனில் நசுங்கியிருக்கிறதோ அதுதான் உங்களுக்கு இருக்கிற இடைவெளி. இதற்காக மாவு கேட்டபோது வீட்டில் பார்த்த பார்வையை இங்கே எழுதவில்லை.

கோஆக்சியலா, ட்வீட்டர் தனியாக வருகிற காம்போனென்ட்டா என்று கேட்பீர்கள். டேஷ்போர்டிலோ கண்ணாடி ஓரத்திலோ தனி ட்வீட்டர் இல்லாத வண்டி என்றால் கோஆக்சியல் போதும், வேலை சுலபம். கம்பெனி ட்வீட்டர் ஏற்கெனவே இருக்கிற வண்டியில் கதவில் கோஆக்சியல் மாட்டினால் ஒரே பக்கம் இரண்டு ட்வீட்டர் பாடும், 'ச', 'ஷ' எல்லாம் காதைக் கீறும். அங்கே காம்போனென்ட் வாங்குங்கள், இல்லையென்றால் கம்பெனி ட்வீட்டரின் கப்ளரை (வயர் பிளக்) பிடுங்கி வையுங்கள். ட்வீட்டருக்கும் கதவு ஸ்பீக்கருக்கும் ஒலியைப் பிரித்துக் கொடுப்பது கிராஸ்ஓவர். காம்போனென்ட்டில் பெரிய பெட்டி கிராஸ்ஓவரைவிட, வயரிலேயே கோத்து வருகிற சின்ன கிராஸ்ஓவர் உள்ள செட் நமக்குத் தோது. பல வண்டிகளில் ட்வீட்டருக்கும் கதவுக்கும் வயர் டேஷ்போர்டுக்குள்ளேயே பிரிந்து போய்விடும். பெட்டி கிராஸ்ஓவர் வைத்தால் கதவுக்கு மறுபடி வயர் இழுக்க வேண்டிவரும்.

ஸ்பீக்கரோடு சேர்த்து இவற்றையும் வாங்கி வையுங்கள்: உங்கள் மாடலுக்கான ஸ்பீக்கர் கப்ளர் அடாப்டர் இரண்டு, ஸ்பேசர் ரிங் (கதவுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் வைக்கிற வளையம்) இரண்டு, 2 மில்லிமீட்டர் பியூட்டைல் டேம்பிங் ஷீட் (தகட்டின் அதிர்வை அடக்குகிற ரப்பர் ஷீட்) 12 சதுர அடி, சின்ன ரோலர், ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், ஃபோம் டேப், துணி டேப், டோர் பேட் கிளிப் ஒரு டஜன், பிளாஸ்டிக் நெம்புகோல் செட், கையுறை. கிளிப்பை "உடைந்தால் பார்த்துக்கலாம்" என்று விடாதீர்கள். உடையும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் உடையும்.

டேம்பிங் ஷீட்டில் ஏமாறுகிறவர்கள் அதிகம். பியூட்டைல் என்று சொல்லித் தார் ஷீட்டைக் கொடுப்பார்கள். மூக்கில் வைத்துப் பாருங்கள், புது ரோடு போடுகிற வாசம் வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சேலத்து வெயிலில் அது இளகி, கதவின் அடியில் போய் மடிந்து உட்கார்ந்து, தண்ணீர் வடிகிற ஓட்டையை அடைத்துவிடும். ஸ்பேசர் ரிங்கும் எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) வேண்டாம். ஏற்காட்டு மழையும் பனியும் உள்ளே போனால் அது நனைந்த ரஸ்க் மாதிரி உப்பிவிடும். ஏபிஎஸ் பிளாஸ்டிக் ரிங் வாங்குங்கள். ஸ்க்ரூ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். இரும்பாலை இருக்கிற ஊரில் துருப்பிடித்த ஸ்க்ரூ போட்டால் அசிங்கம்.

டோர் பேடைக் கழற்றுவது

காலை ஆறு மணிக்கு நிழலில் ஆரம்பியுங்கள், காரணம் பிறகு வருகிறது. கண்ணாடியை முழுவதும் ஏற்றி, சாவியை எடுத்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி வையுங்கள். கதவு ஸ்விட்சுகள் கழன்றிருக்கும்போது இக்னிஷனைப் போடாதீர்கள். சில வண்டிகளில் கதவுக்குள் ஏர்பேக் சென்சார் உண்டு, மீட்டரில் விளக்கு எரிந்தால் சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும். அந்த சென்சாரையும் அதன் வயரையும் தொடாதீர்கள். அதைச் சுற்றி ஷீட்டும் ஒட்டாதீர்கள்.

ஸ்க்ரூக்கள் ஒளிந்திருக்கிற இடம் வழக்கமாக மூன்று: உள் கைப்பிடியின் பின்னால் சின்ன மூடிக்குள், கதவை இழுக்கிற குழியின் அடியில், பேடின் கீழ் ஓரத்தில். எல்லாம் எடுத்த பிறகும் பேட் வரவில்லை என்றால் இன்னொரு ஸ்க்ரூ இருக்கிறது என்று அர்த்தம். பலத்தைக் காட்டாதீர்கள். கீழ் மூலையில் நெம்புகோலைக் கிளிப்புக்குப் பக்கத்திலேயே கொடுத்து ஒவ்வொன்றாக நெம்புங்கள். நடுவில் நெம்பினால் பேட் வளையும், கிளிப் வராது. கடைசியாக மேல்நோக்கித் தூக்கினால் கண்ணாடி ரப்பரிலிருந்து விடுபடும். உடனே இழுக்காதீர்கள், பின்னால் கைப்பிடி கேபிளும் ஸ்விட்ச் கப்ளரும் தொங்கும். முழங்காலில் தாங்கிக்கொண்டு போட்டோ எடுத்துவிட்டுக் கழற்றுங்கள்.

ஸ்பீக்கர் சில வண்டிகளில் ஸ்க்ரூவில் இருக்கும், சிலவற்றில் ரிவெட்டில் இருக்கும். ரிவெட் என்றால் அதன் தலையை மட்டும் டிரில்லில் சீவுங்கள். அடியில் ஒரு பழைய வேட்டித் துண்டை வைத்தால் இரும்புத் தூள் கதவுக்குள் விழாது. அந்தத் தூள் புது ஸ்பீக்கரின் காந்தத்தில் ஏறினால் வாழ்நாள் முழுக்க கிர்ர்ர் என்று கேட்கும்.

கதவுக்குள் நடக்கிற நிஜ வேலை

அவசரப்படாமல் செய்ய வேண்டிய இடம் இது. ஸ்பீக்கரின் கோன் முன்னால் தள்ளும்போது பின்னால் காற்று உறிஞ்சப்படுகிறது. கதவின் உள் தகட்டில் கை நுழைகிற அளவுக்குப் பெரிய ஓட்டைகள் இருக்கின்றன. முன் அலையும் பின் அலையும் அந்த ஓட்டை வழியே சந்தித்தால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், பேஸ் காணாமல் போகும். பத்தாயிரம் ரூபாய் ஸ்பீக்கர் போட்டும் தொப்பிப் பக்கம் கேட்காத மிருதங்கம் மாதிரி இருப்பதற்கு இதுதான் காரணம்.

முதலில் அந்தப் பிளாஸ்டிக் ஷீட். அது கருப்புப் பசையில் ஒட்டியிருக்கும். மத்தியானம் கை வைத்தால் பசை அல்வா மாதிரி இழுபடும், கை, சீட், சட்டை எல்லாம் ஆகும். காலைக் குளிரில் இறுகியிருக்கும்போது மெதுவாக இழுத்தால் சுத்தமாகப் பிரிந்து வரும். ஆறு மணி என்று சொன்னது இதற்குத்தான். ஏற்காட்டில் வீடு இருக்கிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள், பத்து மணிக்குக்கூட உரிக்கலாம். ஷீட்டைக் கிழிக்காமல் மடித்து வையுங்கள்.

பிறகு வெளித்தகடு. விரல் மடக்கித் தட்டிப் பாருங்கள், காலிப் பானை மாதிரி டங் என்று ஒலிக்கும். உள்ளே கையை விட்டு ஈரத்துணியால் துடைத்து, காய்ந்ததும் ஆல்கஹால் போட்டுத் துடையுங்கள். துணி கருப்பாக வருவது நிற்கிற வரை விடாதீர்கள், தூசி மேல் ஒட்டிய ஷீட் ஒரு கோடைக்குக்கூட நிற்காது. இப்போது ஒட்டுகிற வேலைக்கு வெயில் வேண்டும். பத்து, பதினொரு மணிக்குத் தகடு வெதுவெதுப்பானதும் பியூட்டைல் நன்றாகப் பிடிக்கும். ஒரே வண்டிக்கு உரிக்கக் குளிரும் ஒட்ட வெயிலும் வேண்டியிருக்கிறது, என்ன செய்ய.

ஸ்பீக்கருக்கு நேர் பின்னால் முழுமையாக ஒட்டுங்கள். மற்ற இடத்தில் தகட்டின் நடுப்பகுதியில் பாதி அளவு மூடினால் போதும், முழுக்க மெத்த வேண்டியதில்லை. ரோலரால் அழுத்தி ஃபாயிலில் இருக்கிற மேடுபள்ளம் மறைகிற வரை தேயுங்கள். ஃபாயில் ஓரம் பிளேடு மாதிரி, கையுறை கட்டாயம். மறுபடி தட்டிப் பாருங்கள். டங் போய் தொப் என்று கேட்டால் சரி, அடுத்த வேலைக்குப் போகலாம்.

உள்தகட்டில் பெரிய ஓட்டைகளைப் பியூட்டைலால் மூடுங்கள். கண்ணாடி மோட்டாரின் போல்ட், லாக் கம்பி போகிற வழி, கிளிப் ஓட்டைகள் இவற்றை விட்டுவிடுங்கள். கதவின் அடி விளிம்பில் இருக்கிற வடிகால் ஓட்டைகளை எக்காரணம் கொண்டும் மூடாதீர்கள். கண்ணாடி ரப்பர் வழியாக மழைத்தண்ணீர் கதவுக்குள் இறங்குவது இயல்பு, அது அடியில் வெளியேறித்தான் ஆக வேண்டும். வேலை முடிந்ததும் ஒரு சொம்புத் தண்ணீரைக் கண்ணாடி ஓரமாக ஊற்றி, அடியில் சொட்டுகிறதா என்று பாருங்கள். பிறகு மடித்து வைத்த பிளாஸ்டிக் ஷீட்டைப் பழைய பசையிலேயே திரும்ப ஒட்டுங்கள். ஷீட்டின் கீழ் ஓரம் கதவின் உள்பக்கமாகச் செருகியிருக்க வேண்டும், வெளியே தொங்கினால் தண்ணீர் உங்கள் காலடிக்குத்தான் வரும்.

மாட்டுவதும் வயரும்

ரிங்கின் இரண்டு பக்கமும் ஃபோம் டேப் ஒட்டி, கதவில் இறுக்குங்கள். அதன் மேல் ஸ்பீக்கர். ஸ்க்ரூக்களை எதிரெதிராக மாற்றி மாற்றி முறுக்குங்கள், கார் வீல் நட்டு மாதிரி. ஸ்பீக்கரின் முன் விளிம்பைச் சுற்றி இன்னொரு வளையம் ஃபோம் ஒட்டினால் டோர் பேடோடு இடைவெளியில்லாமல் சேரும், சத்தம் பேடுக்குப் பின்னால் வீணாகாமல் காதுக்கு வரும். பத்து ரூபாய் ஃபோம் செய்கிற வேலை.

வயரை வெட்டாதீர்கள், அடாப்டர் கப்ளர் போதும். வண்டிக் கப்ளரில் எது பிளஸ் என்று தெரியாவிட்டால் பழைய ஸ்பீக்கரே சொல்லிவிடும். அதன் இரண்டு முனையிலும் 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியை ஒரு கணம் தொட்டால் கோன் அசையும். வெளியே தள்ளினால் பேட்டரியின் பிளஸ் தொட்ட முனைதான் பிளஸ். அங்கே ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். புது ஸ்பீக்கரில் அகலமான முனை பிளஸ். ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் தலைகீழாகவும் கொடுத்துவிட்டால் பாட்டு வரும், பேஸ் வராது, பாடகர் எங்கே நிற்கிறார் என்றே தெரியாது.

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறைகளைப் பார்த்து வளர்ந்தவன் நான், பற்றவைப்பதில் எனக்கு ஆசை அதிகம். இருந்தாலும் கதவுக்கு சால்டரிங் வேண்டாம். கதவு ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து தடவை அடித்துச் சாத்தப்படுகிறது, ஈயம் ஏறி விறைத்த வயர் அந்த இடத்தில் ஒடியும். கிரிம்ப் செய்து (முனையை வயரோடு அழுத்தி நசுக்கி), துணி டேப் சுற்றி, கண்ணாடி இறங்குகிற பாதைக்கு விலகி வயரைக் கட்டிவிடுங்கள்.

பேடை மூடுவதற்கு முன் எல்லாக் கப்ளரையும் செருகி, பேட்டரியை மாட்டிச் சோதித்துவிடுங்கள். பாட்டு வருகிறதா, கண்ணாடி ஏறி இறங்குகிறதா, லாக் வேலை செய்கிறதா? உள் கைப்பிடி கேபிளை மாட்ட மறந்துவிட்டு மூடி, கதவை வெளியிலிருந்து திறக்கச் சொல்லி மச்சானைக் கூப்பிட்டவன் எழுதுகிறேன்.

செட்டில் என்ன மாற்றுவது

பேஸ், ட்ரெபிள் எல்லாம் பூஜ்யம். லவுட்னஸ், பேஸ் பூஸ்ட் அணைத்துவிடுங்கள். செட்டில் ஹெச்பிஎஃப் (குறிப்பிட்ட அளவுக்குக் கீழே உள்ள பேஸை வெட்டுகிற வசதி) இருந்தால் 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். ஆழ்ந்த பேஸை வெட்டினால் எப்படி நன்றாக இருக்கும் என்று தோன்றும். 6.5 அங்குலக் கோனால் அந்த ஆழத்தைச் சரியாகக் கொடுக்க முடியாது, முயற்சி செய்து 20 வாட்டையும் அதிலேயே தீர்த்துவிடும். வெட்டிவிட்டால் மிச்சப் பவர் குரலுக்கும் தாளத்துக்கும் வருகிறது. கம்பெனி டச் ஸ்கிரீனில் அந்த வசதி இல்லையென்றால் ஸ்பீக்கரின் பிளஸ்ஸில் 470 மைக்ரோஃபாரட் நான்-போலார் கெபாசிட்டர் ஒன்றைக் கோர்க்கலாம், 4 ஓமுக்கு ஏறக்குறைய 85 ஹெர்ட்ஸில் வெட்டும்.

உச்ச வால்யூம் எது என்று ஒரு தடவை கண்டுபிடித்து வையுங்கள். நல்ல பதிவில் ஒரு பெண் குரலைப் போட்டு மெதுவாக ஏற்றுங்கள். குரல் இறுகிக் கரகரக்கிற இடத்திலிருந்து மூன்று படி கீழே வந்தால் அதுதான் உங்கள் எல்லை. அதைத் தாண்டினால் செட் அலையை வெட்ட ஆரம்பிக்கும், அதில் முதலில் போவது ட்வீட்டர்.

வயிற்றில் அடிக்கிற பேஸ் வராது. அதற்கு சப்வூஃபரும் ஆம்ப்பும் வேண்டும். தவில் எங்கே முடிந்து நாதஸ்வரம் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துக் கேட்கிற தெளிவு வரும், எனக்கு அது போதும். ஸ்பீக்கர் நூறு மணி நேரம் ஓடினால்தான் 'பழகும்' என்பார்கள். பெரும்பாலும் பழகுவது நம் காது.

மலை ஏறிப் பாருங்கள்

அஸ்தம்பட்டியில் வீட்டு வாசலில் நன்றாகக் கேட்பது கணக்கில்லை. அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை 20 கொண்டை ஊசி வளைவு, முதல் கியரும் இரண்டாம் கியருமாக இன்ஜின் முக்கும்போது பேடில் தளர்ந்திருக்கிற ஒவ்வொரு கிளிப்பும் பேசும். வால்யூமைக் குறைவாகவே வையுங்கள், வளைவில் எதிர் வண்டியின் ஹாரன் கேட்க வேண்டும். பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து, அவர் கதவின் மேல் உள்ளங்கையை வைத்து அங்கங்கே அழுத்திப் பார்க்கட்டும். எந்த இடத்தில் அழுத்தினால் சத்தம் நிற்கிறதோ அங்கே துணி டேப் வேண்டும். ஒன்பதாவது வளைவில் ஆரம்பித்து ஏரி வரை எங்களைப் படுத்திய ஒரு கிணுகிணு சத்தத்துக்காக மறுநாள் பேடை முழுக்கக் கழற்றினேன். டோர் பாக்கெட்டில் இரண்டு ஐந்து ரூபாய் நாணயம்.

கழற்றிய கம்பெனி ஸ்பீக்கர்களில் இடது, வலது என்று எழுதி, புது ஸ்பீக்கர் வந்த அட்டைப்பெட்டியில் போட்டுப் பரணில் வையுங்கள். வயரை வெட்டாததால் வண்டி விற்கிற அன்று ஒரு மணி நேரத்தில் திரும்ப மாட்டிவிட்டு, புதியதை அடுத்த வண்டிக்கு எடுத்துக்கொள்ளலாம். டேம்பிங் ஷீட்டை மட்டும் வாங்குகிறவருக்கே விட்டுவிடுங்கள், அதை உரிக்க ஆறு மணி என்ன, எந்த மணியும் உதவாது.